கூண்டைத் திறக்குமுன்

வியட்நாமின் நடுப்பகுதிக் காடுகளுக்கே உரியது, எட்வர்ட்ஸ் ஃபெசன்ட் என்னும் கோழியினப் பறவை. சேவலுக்குக் கருநீல மேனி, வெள்ளைக் கொண்டை, சிவந்த முகம். பெட்டைக்கோ சருகின் பழுப்பு நிறம். பெட்டை 4 முதல் 7 முட்டைகள் இட்டுச் சுமார் 3 வாரம் அடைகாக்கும்.

1920களில் ஐரோப்பாவுக்குக் கொண்டுசெல்லப்பட்ட சில பறவைகளின் வழித்தோன்றல்கள் இன்று கூண்டுகளில் வாழ்கின்றன. காட்டிலோ, 2000ஆம் ஆண்டுக்குப் பின் இதனை உறுதியாகக் கண்டவர் இல்லை!

அழகுப் பறவை வளர்ப்பை வீண் பொழுதுபோக்கென்று இகழ்ந்தவன் நான். அக்கருத்தை இன்று மாற்றிக்கொண்டேன். அக்கூண்டுகள் இல்லையேல் இவ்வினமே அற்றுப்போயிருக்கலாம். ஆயினும், குஞ்சு பொரித்தால் மட்டும் போதுமா? கண்ணிகள் மலிந்த காட்டில் அவற்றை விடுவது காப்பதாகுமா? முதலில் கண்ணிகளை அகற்றுவோம்; பிறகு கூண்டைத் திறப்போம் என்பதே என் கருத்து.