நிறுத்தும் மாத்திரைக்கு முன் மலப் பரிசோதனை

எச்ஐவிக்கான ஏஆர்டி கூட்டு மருந்து எடுப்பவர்களுக்கு வரும் தொற்றில்லா வயிற்றுப்போக்குக்கென்றே அமெரிக்க எஃப்டிஏ 2012 டிசம்பர் 31 அன்று ஒப்புதல் அளித்த மருந்து குரோஃபெலமர். அதை நம் ஏஆர்டி மையங்களுக்கும் கேட்டு வாங்க வேண்டுமா என்பதில் இந்த இதழ் தன் நிலையைச் சொல்லியாக வேண்டும். மருந்து நல்லதுதான். குடலுக்குள்ளேயே நின்று குளோரைடு சுரப்பைத் தடுக்கிறது. இரத்தத்தில் ஏறுவது மிகக் குறைவு. ஆனால் அதைச் சோதித்த அட்வென்ட் ஆய்வில் பலன் கண்டவர்கள் 17.6 சதவீதம்தான், வெற்று மாத்திரை எடுத்தவர்களிலேயே 8 சதவீதம் பேருக்குப் பலன் தெரிந்தது. இந்த அளவுப் பலனுக்காக மனு எழுதும் முன், தொற்று இல்லை என்று உறுதிசெய்த பிறகே தொடங்க வேண்டும் என்று அதன் லேபிள் விதிக்கும் நிபந்தனையை நம்மால் நிறைவேற்ற முடியுமா என்று பார்க்க வேண்டும்.

கையில் இருக்கும் லோபரமைடையும் யோசித்தே தர வேண்டும். அளவு மீறினால் இதயத்துடிப்பு தாறுமாறாகும் என்று 2016-இல் எஃப்டிஏ எச்சரித்தபோது, அதன் இரத்த அளவைக் கூட்டும் மருந்துகளில் ரிட்டோனாவிரையும் பெயர் சொல்லிச் சேர்த்தது. டோலுடெக்ராவிர் அடங்கிய டிஎல்டி கூட்டு மாத்திரை வந்த பிறகு இதெல்லாம் பழைய கதை என்பார்கள். லோபினாவிர் மருந்து காலத்து வயிற்றுப்போக்குத் தொல்லை குறைந்தது உண்மை. ஆனால் டோலுடெக்ராவிர் மெட்ஃபார்மின் அளவை ஏற்றுகிறது. சர்க்கரைக்காரர் நாளுக்கு 1000 மி.கி. தாண்டினால் வயிற்றால் போவதற்கு அதுவே காரணமாகலாம். போக்குக்கென்று துத்தநாகம் கொடுத்தால் டிஎல்டியை அதற்கு 2 மணி நேரம் முன்போ 6 மணி நேரம் பின்போ எடுக்கச் சொல்ல வேண்டும்.

இரணியலில் இருப்பவர் ஆசாரிப்பள்ளத்தில் ஏஆர்டி வாங்குகிறார். வயிறு கெட்டால் கட்டன்சாயாவில் எலுமிச்சை பிழிந்து குடித்துப் பார்த்துவிட்டு, பக்கத்து மெடிக்கலில் குளிகை கேட்கிறார். என்ன மருந்தில் இருக்கிறார் என்பதை ஊருக்குப் பயந்து சொல்லமாட்டார். அவருடைய சிடி4 அணு எண்ணிக்கை 200-க்குக் கீழே இருந்து, குடலுக்குள் இருப்பது சிஸ்டோஐசோஸ்போரா ஒட்டுண்ணி என்றால் அதற்குக் கோட்ரைமாக்சசோல் வேண்டும்; லோபரமைடு நோயை மறைத்து நாளைக் கடத்தும். மலத்தில் அந்த ஒட்டுண்ணியைக் கண்டுபிடிக்கப் பெரிய கருவி எதுவும் தேவையில்லை. காசநோய்ச் சளிப் பரிசோதனைக்கு வைத்திருக்கும் அதே கார்பால் ஃபுக்சின், அதே மைக்ராஸ்கோப். நிறம் நீக்கும் அமிலத்தை மட்டும் நீர்க்கச் செய்ய வேண்டும். சிவப்பாக 4 முதல் 6 மைக்ரான் உருண்டை தெரிந்தால் கிரிப்டோஸ்போரிடியம்; அதைப்போல் நான்கைந்து மடங்கு நீண்ட முட்டை வடிவம் என்றால் சிஸ்டோஐசோஸ்போரா. வைரல் லோடு மாதிரியைத் தொலைதூர ஆய்வகத்துக்கு அனுப்ப ஏற்பாடு செய்யத் தெரிந்த துறைக்கு, இந்தச் சாயத்தைத் தாலுகா ஆய்வகத்தின் அன்றாட வேலையாக்க ஏன் மனம் வரவில்லை? 2018 செப்டம்பர் 10 முதல் நடப்பில் உள்ள 2017-ஆம் ஆண்டின் எச்ஐவி சட்டம், நோயறி வசதியையும் சந்தர்ப்பவாதத் தொற்று மேலாண்மையையும் அரசின் பொறுப்பில் வைத்தது. கூடவே 'இயன்றவரை' என்ற சொல்லையும் வைத்தது. ஒரு ஸ்லைடும் ஒரு சொட்டுச் சாயமும் இயலாதவை என்று எந்த அதிகாரி எழுதித் தருவார்?

முடிவு வரும்வரை நோயாளி துடிப்பதா என்று கேட்பது நியாயம். ஓஆர்எஸ் உடனே தொடங்கலாம். காய்ச்சலும் இரத்தமும் இல்லாமல், சிடி4 நன்றாக இருந்து, ரிட்டோனாவிரும் எடுக்காதவர் என்றால் லேபிள் அளவுக்குள் ஓரிரு நாள் லோபரமைடும் தரலாம். மல மாதிரி மட்டும் முதல் மாத்திரைக்கு முன்பே டப்பாவில் இறங்கியிருக்க வேண்டும். கடையில் இருக்கும் மருந்தாளுநர் நோயின் பெயரைக் கேட்கவே வேண்டாம், "தினமும் வேற ஏதாவது குளிகை எடுக்கிறீங்களா?" என்று தனியாக அழைத்துக் கேட்டால் போதும். கன்னியாகுமரி மாவட்டத்தின் ஒவ்வொரு தாலுகா ஆய்வகத்திலும் இந்தச் சாயமிடல் நடக்க எழுத்துமூல உத்தரவு வேண்டும். குரோஃபெலமருக்கான மனுவை அதற்குப் பிறகு எழுதலாம்.