கண்காணிப்பு எங்கே தேவை?

மாற்றுத்திறனாளிகள் நாலைந்து பேர், ஓர் உதவியாளருடன், சாதாரணத் தெரு ஒன்றில் வீடு எடுத்துத் தங்க முற்படும்போது இரண்டு கேள்விகள் எழுகின்றன. அவர்கள் அங்கே வாழலாமா என்பது ஒன்று. வீட்டுக்குள் அவர்கள் எவ்வாறு நடத்தப்படுகிறார்கள் என்பது மற்றொன்று. முதல் கேள்வியைத் தெருவே கூடி நின்று கேட்கிறது. இரண்டாவதைக் கேட்பார் இல்லை. குழு இல்லங்களை ஒழுங்குபடுத்துவது பற்றிய நம் விவாதங்கள் இவ்விரண்டையும் ஒன்றாகவே குழப்பிக்கொள்கின்றன.

முதல் கேள்விக்குச் சட்டம் ஏற்கெனவே விடை கூறிவிட்டது. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டத்தின் 5ஆவது பிரிவு, சமூகத்தில் வாழும் உரிமையை அவர்களுக்கு அளிக்கிறது. இன்ன ஏற்பாட்டில்தான் வாழ வேண்டும் என்ற கட்டாயம் அவர்கள்மீது விழாமலிருக்க அரசு முயல வேண்டும் என்கிறது. 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் இன்னும் ஒருபடி மேலே செல்கிறது. குடும்பம் இல்லை, குடும்பம் ஏற்கவில்லை, வீடு இல்லை என்ற காரணங்களுக்காக மட்டும் ஒருவரை மனநல நிறுவனத்திலேயே வைத்திருக்கக் கூடாது என்றும், குழு இல்லம் போன்ற ஏற்பாடுகளை அரசு செய்துதர வேண்டும் என்றும் அதன் 19ஆவது பிரிவு கூறுகிறது. அண்டை வீட்டாரின் இசைவைப் பெற வேண்டும் என்று இவ்விரு சட்டங்களும் எங்கும் கூறவில்லை.

ஆனாலும் இசைவு கேட்கப்படுகிறது. எங்கள் பகுதிக் குடியிருப்போர் நலச் சங்கக் கூட்டம் ஒன்றில் இப்பேச்சு எழுந்தபோது, வீடுகளின் விலை சரிந்துவிடும் என்றார் ஒரு நண்பர். பொருளாதாரம் கற்பித்தவன் என்பதால் என் பக்கம் திரும்பி, “நீங்களே சொல்லுங்கள் சார்” என்றார். சொன்னேன். பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தின் ஜூலியன் வோல்பெர்ட் 1978இல் நியூயார்க் மாநிலத்தில் இதையே ஆராய்ந்தார். குழு இல்லங்களை ஒட்டியுள்ள வீடுகளின் மதிப்பு குறைந்ததாக அவர் காணவில்லை. பின்னர் அமெரிக்காவில் நடந்த ஆய்வுகளில் பெரும்பாலானவையும் அதே முடிவுக்கே வந்தன. நம் ஊரில் மனை விலையைத் தீர்மானிப்பவை குடிநீரும் சாலை அகலமும்தான். என் விடை நண்பருக்கு உவப்பாக இல்லை.

இந்த அச்சம் நமக்கு மட்டும் உரியதன்று. அமெரிக்காவின் டெக்சஸ் மாநிலத்தில் கிளிபர்ன் என்ற ஊரில், அறிவுசார் குறைபாடுள்ள 13 பேருக்கான இல்லம் தொடங்க முயன்றபோது நகராட்சி சிறப்பு அனுமதி கேட்டது. பிறகு அதைத் தர மறுத்தது. எதிரே பள்ளி இருக்கிறது, வெள்ளம் வரக்கூடும் என்றெல்லாம் காரணங்கள் அடுக்கப்பட்டன. அந்தப் பள்ளியிலேயே அத்தகைய மாணவர்கள் 30 பேர் அளவில் படித்துக்கொண்டிருந்தனர்! அதே இடத்தில் முதியோர் இல்லமோ மருத்துவமனையோ கட்டச் சிறப்பு அனுமதி தேவைப்பட்டிருக்காது. வெள்ளம் என்னவோ எல்லாருக்கும் பொதுதான். காரணமற்ற வெறுப்பே இதன் அடிப்படை என்று கூறி, 1985இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் நகராட்சியின் முடிவைத் தள்ளியது.

தெரு ஏற்க மறுத்தால் இவர்கள் எங்கே போவார்கள்? ஊருக்கு வெளியே, யார் கண்ணிலும் படாத இடத்துக்கு. 2001 ஆகஸ்ட் 6 அன்று ராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில், காப்பகக் கொட்டகை தீப்பற்றியபோது சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்தவர்களால் தப்பி ஓட முடியவில்லை. 28 பேர் மாண்டனர். உச்ச நீதிமன்றம் தானே முன்வந்து வழக்கை எடுத்துக்கொண்டது. இருபது ஆண்டுகளுக்கும் மேல் கழித்து, 2023இல் விழுப்புரம் மாவட்டம் குண்டலப்புலியூரில் ஓர் ஆசிரமம் உரிய பதிவின்றி நடந்ததும், அங்கிருந்தவர்கள் கொடுமைப்படுத்தப்பட்டதாகப் புகார்கள் வந்ததும் செய்திகளாயின. பதிவு கட்டாயம் என்ற சட்டம் அப்போது நடைமுறையில்தான் இருந்தது. உள்ளே சென்று பார்க்கத்தான் ஆளில்லை. பக்கத்து வீட்டு மாடியிலிருந்து பார்க்கும் கண்களுக்கு அரசு ஊதியம் தர வேண்டியதில்லை; ஊருக்கு வெளியே அந்தக் கண்களும் இல்லை.

இதற்கு மாற்று நம் மாநிலத்திலேயே இருக்கிறது. சென்னையில் 1993இல் தொடங்கப்பட்ட ‘தி பேனியன்’ அமைப்பு, நெடுங்காலம் மனநலக் காப்பகங்களில் இருந்தவர்களை நாலைந்து பேராக வாடகை வீடுகளில் குடியமர்த்தும் திட்டத்தை 2015இல் தொடங்கியது. அவர்கள் சமைக்கிறார்கள், கடைக்குப் போகிறார்கள், உதவியாளர் துணை நிற்கிறார்.

இத்தகைய வீட்டைச் சட்டம் எந்தப் பெயரால் அழைக்கும்? சிக்கல் இங்கேதான். மனநோய் உள்ளவர்கள் தங்கிப் பராமரிப்புப் பெறும் இடம் ‘மனநல நிறுவனம்’ என்று கருதப்பட்டுப் பதிவுக்கு உட்படுகிறது. உறவினருடனோ நண்பருடனோ அவர் வாழும் குடும்ப வீட்டுக்கு மட்டும் விலக்கு உண்டு. பத்தாண்டுகள் ஒரே கூரையின்கீழ் வாழ்ந்த ஐந்து பெண்கள் ஒருவருக்கொருவர் நண்பர்கள் ஆகமாட்டார்களா? உதவியாளர் ஒருவர் வந்துபோவதால் அது நிறுவனம் ஆகிவிடுமா?

இது வெறும் சொல்லாராய்ச்சி அன்று. தீயணைப்புச் சான்று, கட்டடச் சான்று, பதிவேடுகள், தணிக்கை ஆகியவற்றின் செலவில் பெரும்பங்கு நிலையான செலவு. அது 5 பேர் வீட்டுக்கும் 150 பேர் விடுதிக்கும் ஒன்றே என்று வைத்துக்கொண்டால், தலைக்கு விழும் சுமை சிறு வீட்டில் 30 மடங்கு. ஒரே அளவுகோலால் இரண்டையும் அளக்கும் விதி, தெரிந்தோ தெரியாமலோ, விடுதிகளை வாழவைத்து வீடுகளை ஒழிக்கும்.

அதற்காகச் சிறு வீடுகளைக் கண்காணிக்காமல் விட்டுவிடச் சொல்லவில்லை. நான்கு சுவர்களுக்குள் நாலு பேரையும் கொடுமைப்படுத்த முடியும். கட்டடத் தாள்களைக் குறைத்துக்கொண்டு, முன்னறிவிப்பில்லாத வருகையைக் கூட்டலாம். வருகிறவர் உதவியாளரை வெளியே நிறுத்திவிட்டு அங்கு வாழ்பவரிடம் தனியே பேச வேண்டும். பேச இயலாதவரிடம் அவருக்குப் பழகிய முறையில் கேட்டறியப் பயிற்சி பெற்றவர் உடன் வர வேண்டும். கதவுக்குத் தாழ்ப்பாள் உள்ளிருந்தா, வெளியிலிருந்தா என்பதைப் பார்த்தாலே பாதி தெரிந்துவிடும். உதவித்தொகை யாருடைய கணக்குக்குப் போகிறது என்பதையும் கேட்க வேண்டும்.

இவ்வளவும் செய்தாலும் வீடு கிடைக்க வேண்டுமே! வாடகைக்கு விடுபவரின் அச்சம் பெரும்பாலும் பணம் பற்றியது: வாடகை நின்றுபோனால், சுவர் பழுதானால், யாரைக் கேட்பது? மாவட்ட நிர்வாகம் அந்த ஒப்பந்தத்தில் பிணையாகக் கையெழுத்திடலாம். ஒரு பெரிய காப்பகக் கட்டடத்துக்கு ஒதுக்கும் தொகையில் அப்படி எத்தனை வீடுகளுக்குப் பொறுப்பேற்க முடியும் என்பதை, அடுத்த நிதிநிலை அறிக்கைக்கு முன்பாகவேனும் நிதித்துறை கணக்கிட்டுப் பார்க்கலாம்.