கட்சியைக் கொடுத்துவிட்டுப் பதவியை வாங்கியவர்

பொகுமில் லௌஷ்மனைப் பற்றி இரண்டு கதைகள் உலவுகின்றன. ஒன்றில் அவர் செக் தொழிலாளர் கட்சியைக் காட்டிக்கொடுத்த துரோகி. இன்னொன்றில் கம்யூனிஸ்ட் சிறையில் செத்துப்போன பலியாடு. இரண்டையும் நான் ஏற்கவில்லை தோழர்களே. இரண்டு கதையிலும் அவர் ஒருவர்தான் இருக்கிறார். அவரை நம்பித் தலைவராக்கிய உறுப்பினர்களைக் காணோம்.

அது யாருடைய கட்சி? 1878இல் பிராக் நகரை ஒட்டிய பிரெவ்னோவில் கூடிய தொழிலாளர்கள் தொடங்கிய சமூக ஜனநாயகக் கட்சி. உலோகத் தொழிலாளர் சங்கத்திலிருந்து வந்து அதற்குத் தலைவரான அந்தோனின் ஹம்ப்ல், 1942இல் பெர்லினில் நாஜிக் காவலில் உயிர்விட்டார். அப்படிப்பட்ட ஆட்கள் கட்டிய வீடு அது.

லௌஷ்மன் 1945இல் தொழில்துறை அமைச்சர். அந்த அக்டோபரில் சுரங்கங்கள், பெரிய ஆலைகள், வங்கிகள் அரசுடைமை ஆயின. அதில் அவருக்குப் பெரும் பங்கு உண்டு, அதைக் குறைக்க வேண்டியதில்லை. 1946 தேர்தலில் 300 இடங்களில் கம்யூனிஸ்டுகள் 114 பிடித்தார்கள். முதல் கட்சிதான், ஆனால் தனிப்பெரும்பான்மை இல்லை. நாற்பதுக்கும் குறைவான இடங்களே வைத்திருந்த சமூக ஜனநாயகவாதிகள் எந்தப் பக்கம் சாய்ந்தார்களோ அந்தப் பக்கம் தராசு தாழ்ந்தது.

அப்போதைய தலைவர் ஃபியர்லிங்கர் 1947 செப்டம்பரில் கம்யூனிஸ்டுகளோடு ஓர் ஒப்பந்தம் போட்டார். கட்சிக்குள் கொதிப்பு. நவம்பரில் பிர்னோ மாநாடு அவரை இறக்கிவிட்டு லௌஷ்மனைத் தேர்ந்தெடுத்தது. மாநாட்டின் செய்தியில் குழப்பமே இல்லை. கூட்டணி இருக்கட்டும், நம் முடிவை நம் வீட்டில் எடுப்போம்.

அந்தச் செய்தி மூன்று மாதம்தான் தாங்கியது.

1948 பிப்ரவரி 20. காவல்துறையைக் கம்யூனிஸ்டுகள் தங்கள் ஆட்களால் நிரப்புகிறார்கள் என்று மற்ற மூன்று கட்சிகளின் 12 அமைச்சர்கள் பதவி விலகினார்கள். அமைச்சரவையில் மொத்தம் 26 பேர். சமூக ஜனநாயக அமைச்சர்கள் மூவரும் விலகியிருந்தால் பாதிக்கு மேல் காலி. பிரதமர் கோட்வால்ட் போயே ஆக வேண்டியிருக்கும். விலகியவர்கள் முன்கூட்டி இவர்களோடு ஒழுங்காகப் பேசிவைக்கவில்லை என்பதும் உண்மை. அந்த முட்டாள்தனத்துக்கு அவர்கள்தான் பொறுப்பு. ஆனால் அடுத்து வந்த ஐந்து நாள் லௌஷ்மனுடையது.

24ஆம் தேதி தொழிற்சங்க மத்திய அமைப்பு ஒரு மணி நேரப் பொது வேலைநிறுத்தம் நடத்தியது. அதன் தலைவர் அந்தோனின் சாபோடோட்ஸ்கி. சமூக ஜனநாயகக் கட்சியை வளர்த்த முன்னோடிகளில் ஒருவரான தையல்காரரின் மகன்! அப்பன் வளர்த்த கட்சியை மகன் விழுங்க நின்றார். அதே நாட்களில் ஃபியர்லிங்கரின் ஆட்கள் கட்சித் தலைமையகத்துக்குள் புகுந்து பிடித்துக்கொண்டார்கள். மறுநாள் கோட்வால்டின் புதிய அமைச்சரவையில் லௌஷ்மன் துணைப் பிரதமர்.

உள்ளே இருந்தால் எதையாவது காப்பாற்றலாம் என்று அவருக்காக வாதாடுகிறவர்கள் உண்டு. எதைக் காப்பாற்றினார்? சில வாரங்களில் தலைவர் நாற்காலி மீண்டும் ஃபியர்லிங்கருக்குப் போனது. ஜூன் 27இல் கட்சி கம்யூனிஸ்ட் கட்சியோடு 'இணைக்கப்பட்டது'. சுறாவும் நெத்திலியும் சேர்வதற்குப் பெயர் இணைப்பா? எழுபது வருடக் கட்சி. சிறிய அமைப்பில் சுவரொட்டி ஒட்டி, சந்தா வசூலித்து, மழையில் கூட்டம் போட்டவர்களுக்குத்தான் அது என்ன இழப்பு என்று தெரியும்.

வேறு வழியே இல்லை என்று சொல்லாதீர்கள். அதே கட்சியின் உணவு அமைச்சர் வாட்ஸ்லாவ் மயெர் கோட்வால்டோடு போக மறுத்து, பதவியை விட்டு, நாட்டையும் விட்டார். அதனால் ஆட்சி மாறிவிடவில்லை. ஆனால் வெளிநாட்டில் கட்சியின் பெயரைச் சொல்லி நிமிர்ந்து நிற்க ஒரு சிலராவது மிஞ்சினார்கள்.

லௌஷ்மனும் 1949 இறுதியில் தப்பியோடினார். வெளிநாட்டில் இருந்த பழைய தோழர்கள் அவரைச் சேர்த்துக்கொள்ளவில்லை. அவர் எழுதிய புத்தகத்தின் பெயர் 'யார் குற்றவாளி?'. கேள்வி சரிதான், கேட்ட காலம்தான் பிந்திவிட்டது. 1953 டிசம்பரில் செக்கோஸ்லோவாக்கிய உளவுத்துறை அவரை ஆஸ்திரியாவின் சால்ஸ்பர்க்கிலிருந்து கடத்தியது. அடுத்த ஆண்டு பத்திரிகையாளர் முன் நிறுத்தி, தானாகவே திரும்பி வந்ததாகச் சொல்ல வைத்தார்கள். 1957இல் 17 ஆண்டுச் சிறைத்தண்டனை. இது கொடுமை. அவர் செய்த எந்தத் தவறும் இதை நியாயப்படுத்தாது. அதைப்போலவே, இந்தக் கொடுமையும் அந்த பிப்ரவரியை அழித்துவிடாது.

1963 மே மாதம் பிராக்கின் ருசின்யே சிறையில் லௌஷ்மன் இறந்தார். எப்படி இறந்தார் என்ற சந்தேகம் இன்றும் தீரவில்லை. அன்று அதே பிராக் நகரில் நாடாளுமன்றத் தலைவர் நாற்காலியில் உட்கார்ந்திருந்தவர் ஃபியர்லிங்கர்.