பேட்ஜர் பிரஷ்ல எந்த கிரேடு உசத்தி? கேள்வியே தப்பு மக்களே!

(1)
இன்பாக்ஸில் ஒரு தம்பி கேட்டிருந்தார். "டாக்டர், எனக்கு சென்சிட்டிவ் ஸ்கின். ஷேவ் பண்ணா தாடைக்குக் கீழ பொரிப்பொரியா வருது. பேட்ஜர் முடி பிரஷ் வாங்கப்போறேன். பியூர், பெஸ்ட், சூப்பர், சில்வர்டிப்னு நாலு கிரேடு இருக்கு. மெடிக்கலா எது நல்லது?"

இந்த மாசத்துல இதே கேள்வி மூணாவது தடவை. அதனால பொதுவிலேயே பதில் சொல்லிடுறேன். கொஞ்சம் காட்டமா இருக்கும், பொறுத்துக்கோங்க.

(2)
சுருக்கமான பதில்: மெடிக்கலா எதுவும் இல்லை. கிரேடு ஏற ஏற விலை ஏறும். பொரி இறங்காது.

நீளமான பதில் கீழே.

(3)
தெரியாதவங்களுக்காக: பேட்ஜர் என்பது நீர்நாய் குடும்பத்தைச் சேர்ந்த, மண்ணில் வளை தோண்டி வாழும் பிராணி. தமிழில் வளைக்கரடி என்பார்கள். கரடிக்கும் இதுக்கும் உறவு கிடையாது. இதன் முடி அடியில் வெளிர், நடுவில் கருப்பு, நுனியில் மறுபடி வெளிர். பிரஷ் ரசிகர்கள் சொக்கிப்போவது இந்தப் பட்டைக்குத்தான்.

(4)
கிரேடு கதை இது. உடம்பில் அதிகம் கிடைக்கிற, கொஞ்சம் முரட்டு முடி "பியூர்". அதைவிட மெல்லிசா இருந்தா "பெஸ்ட்". இன்னும் மெல்லிசு "சூப்பர்". நுனி வெள்ளையா, பஞ்சு மாதிரி இருக்கிற அரிதான முடி "சில்வர்டிப்". பியூருக்கும் சில்வர்டிப்புக்கும் விலை வித்தியாசம் பல மடங்கு.

கேட்க நல்லா ஒழுங்கா இருக்குல்ல? இதுல ஒரே ஒரு சிக்கல்.

(5)
இந்தப் பெயர்களை யாரும் வரையறுக்கவில்லை.

நீங்க 916 நகை வாங்கினா அதுல ஹால்மார்க் இருக்கு, பின்னாடி ஒரு தரநிர்ணய அமைப்பு இருக்கு. பாராசிட்டமால் அட்டையில் 500 மி.கி. என்று போட்டிருந்தா உள்ளே 500 மி.கி. இருக்கணும், இல்லைன்னா சட்டப்படி குற்றம். "சில்வர்டிப்" என்ற சொல்லுக்குப் பின்னாடி அப்படி ஒரு அமைப்பும் கிடையாது. ஒரு கம்பெனியோட "சூப்பர்" இன்னொரு கம்பெனியோட "பெஸ்ட்" ஆக இருக்கலாம். சுமாரான முடியை பிளீச் பண்ணி நுனியை வெளுத்து உசத்தி கிரேடாக விற்பதும் இந்த வியாபாரத்தில் உண்டு.

அதாவது, கிரேடு என்பது விற்பவர் தனக்குத் தானே போட்டுக்கொள்ளும் மார்க்.

(6)
நியாயமா ஒண்ணை ஒத்துக்கணும். முடிக்கு முடி வித்தியாசம் நிஜம். நுனி வெட்டப்பட்ட முரட்டு முடி குத்தும். ஏற்கனவே பரு இருக்கிற முகத்தில் அது எரிச்சலைக் கூட்டும். வெட்டாத இயற்கை நுனி மெத்துன்னு இருக்கும். ஆனா அந்த மெத்து கிரேடால மட்டும் வருவதில்லை. எத்தனை முடியை அடர்த்தியாக் கட்டியிருக்காங்க, கைப்பிடிக்கு மேல எவ்வளவு உயரம் விட்டிருக்காங்க என்பதும் சேர்ந்துதான் அதை முடிவு பண்ணுது. ஒரே முடியைக் குட்டையாக் கட்டினா விறைப்பு, உயரமாக் கட்டினா தொளதொளப்பு.

இது சுகம் பற்றிய விஷயம். சிகிச்சை பற்றியது இல்லை.

(7)
"பேட்ஜர் முடி தண்ணியை உறிஞ்சி வச்சுக்கும் டாக்டர், அதான் விசேஷம்" என்பார்கள்.

எல்லா முடியும் கெரட்டின்தான். கொஞ்சம் தண்ணியை உறிஞ்சும். ஆனா ஈர பிரஷ்ஷில் இருக்கிற தண்ணியில் பெரும்பங்கு முடிக்கு உள்ளே இல்லை, முடிக்கும் முடிக்கும் இடையில் நிற்கிறது. அடர்த்தியா எதைக் கட்டினாலும் நிற்கும். தண்ணியே உறிஞ்சாத செயற்கை இழை பிரஷ்ஷிலும் நுரை அருமையா வருதே, எப்படி? இப்படித்தான்.

(8)
சரி, ஷேவிங்ல உண்மையிலேயே தோலைக் காப்பாத்துவது எது?

தண்ணீரும் நேரமும். காய்ந்த தாடி முடி விறைப்பானது. வெதுவெதுப்பான தண்ணியில் ரெண்டு மூணு நிமிஷம் ஊறினா மென்மையாகும், பிளேடு குறைந்த விசையில் வெட்டும். நுரை அந்த ஈரத்தைப் பிடித்து வைக்கும், பிளேடு வழுக்கிப் போக உதவும். பிரஷ்ஷோட வேலை இவ்வளவுதான். 150 ரூபாய் நைலான் பிரஷ்ஷும் இதைச் செய்யும். கையும் செய்யும்.

(9)
தாடைக்குக் கீழ வருகிற அந்தப் பொரிக்கு வருவோம்.

பல பேருக்கு அது பரு இல்லை. ஒட்ட வெட்டின சுருள் முடி, வளரும்போது வளைந்து திரும்பவும் தோலுக்குள்ளேயே குத்திக்கொண்டு போகும். உடம்பு அதை அந்நியப் பொருளா நினைச்சு வீங்கும். ரேசர் பம்ப்ஸ் என்பது இதைத்தான். முடி எந்தக் கோணத்தில் வளருது, எவ்வளவு ஒட்ட வெட்டுறீங்க என்பதுதான் காரணம். நுரையை எந்தப் பிராணியின் முடியால் தடவினீங்க என்பதற்கு இதில் வேலையே இல்லை.

(10)
என் கிளினிக்கில் நடந்ததைச் சொல்றேன். அடையாளங்களைத் தவிர்த்திருக்கிறேன்.

கல்யாணத்துக்கு ரெண்டு மாசம் இருக்கும்போது ஒரு தம்பி வந்தார். கழுத்து பூரா சிவப்பு, சீழ் முனைகள். முதல்ல பியூர் வாங்கியிருக்கார். பொரி வந்தது. "கிரேடு பத்தல, ஏத்துங்க"ன்னு ஆன்லைன்ல யாரோ சொல்ல, பெஸ்ட் வாங்கினார். அப்புறம் சில்வர்டிப், 11 ஆயிரம் ரூபாய். ஒரு வருஷம் போச்சு. இடையில் மெடிக்கல் ஷாப்பில் ஒரு "ஆல் இன் ஒன்" கிரீம். பார்த்தேன், உள்ளே வீரியமான ஸ்டீராய்டு.

(11)
பிரஷ் அவரைக் கெடுக்கல. "அடுத்த கிரேடு வந்தா சரியாகிடும்" என்ற நம்பிக்கைதான் கெடுத்தது. அந்த ஒரு வருஷத்தில் தினமும் அஞ்சு பிளேடு ரேசர், எதிர்வாக்கில் ஷேவ், மேல ஸ்டீராய்டு. தோல் மெலிந்து ரத்த நாளம் தெரிய ஆரம்பிச்சிருந்தது.

நான் சொன்னது ஒண்ணுதான்: "ஷேவை நிறுத்துங்க. டிரிம்மர்ல ஒரு மில்லிமீட்டர் விட்டு வெட்டுங்க." ஸ்டீராய்டை முறையா நிறுத்தி, தேவையான மருந்து கொடுத்தோம். "கல்யாணத்துக்கு தாடியோடவா சார்?" என்றார். பொண்ணுகிட்ட கேளுங்கன்னேன். பொண்ணு ஓகே சொல்லிட்டாங்க.

ஆறு வாரத்தில் பொரி அடங்கியது. கருந்தழும்பு மறைய மாசக்கணக்கு ஆச்சு. "இதை ஏன் சார் ஒருத்தரும் முன்னாடி சொல்லல?" என்று கேட்டார். அந்தக் கேள்விக்காகத்தான் இந்தப் பதிவு.

(12)
"கிரேடு" என்ற சொல்லை நம்பினதால உயிரே போன கதையும் மருத்துவ வரலாற்றில் இருக்கு.

முதல் உலகப்போருக்கு முன்னாடியும் சவர பிரஷ்ஷுக்கு உசத்தி முடி பேட்ஜர்தான். போர் வந்ததும் வழக்கமான வணிக வழிகள் அடைபட்டன, பேட்ஜர் முடி கிடைக்கல. அந்த இடத்தில் ஆசியாவிலிருந்து வந்த மலிவான குதிரை முடி புகுந்தது. பேட்ஜர் மாதிரியே பட்டை தெரியுற மாதிரி செய்து "இமிடேஷன் பேட்ஜர்" என்று கட்டினார்கள். அதுல நிறைய, ஒழுங்காக் கிருமிநீக்கம் செய்யப்படாத முடி.

(13)
அந்த முடியில் வந்தது ஆந்த்ராக்ஸ். நம்ம ஊர்ல ஆடு மாடு வளர்க்கிறவங்களுக்கு இது அடைப்பான் நோய்.

இந்தக் கிருமியின் வித்து முடியிலும் மண்ணிலும் பல வருஷம் சாகாமல் கிடக்கும். சவரத்தில் விழுந்த சின்னக் கீறல் போதும், உள்ளே போய்விடும். வலியில்லாத புண், நடுவில் கரி மாதிரி கருப்புப் பொருக்கு, சுற்றிலும் வீக்கம். முகத்திலும் கழுத்திலும் வந்தால் மூச்சுக்குழாயே அடைபடலாம். பென்சிலின் இல்லாத காலம். சிகிச்சை இல்லாவிட்டால் தோல் ஆந்த்ராக்ஸில் ஐந்தில் ஒருவர் வரை இறக்கலாம்.

(14)
1915 முதல் 1924 வரை அமெரிக்காவிலும் பிரிட்டனிலும் ராணுவ வீரர்களும் பொதுமக்களுமாக 200 பேருக்கு மேல் சவர பிரஷ் மூலமாக ஆந்த்ராக்ஸ் வந்தது. பிரிட்டன் 1919ல் ஆந்த்ராக்ஸ் தடுப்புச் சட்டம் கொண்டுவந்தது. 1920ல் ஜப்பானிலிருந்து வரும் சவர பிரஷ்களுக்குத் தடை போட்டது.

அந்தச் சிப்பாய்களுக்கு "இது பேட்ஜர் கிரேடா?" என்று தெரிந்து ஆகவேண்டியது ஒண்ணுமில்லை. "இதைக் கிருமிநீக்கம் பண்ணீங்களா?" என்ற கேள்விக்குத்தான் பதில் தேவைப்பட்டது. நூறு வருஷம் கழிச்சும் நாம தப்பான கேள்வியையே கேட்டுட்டு இருக்கோம்.

(15)
பயப்பட வேண்டாம். இன்னிக்குக் கடையில் வாங்கும் புது பிரஷ்ஷில் ஆந்த்ராக்ஸ் அபாயம் மிக மிகக் குறைவு. ஆனா ஆன்லைன்ல "விண்டேஜ்" என்று நூறு வருஷப் பழைய பிரஷ்ஷைத் தேடி வாங்குற நண்பர்களே, அதை அலமாரியில் அழகுக்கு வையுங்க. முகத்துல வைக்காதீங்க. வெந்நீரில் முக்கி எடுத்தால் அந்த வித்து சாகாது.

(16)
இந்த முடி எங்கிருந்து வருது?

பிரஷ் மேல லண்டன் பெயர் இருக்கலாம், டப்பாவில் ராஜ முத்திரை மாதிரி ஏதாவது இருக்கலாம். ஆனா பிரிட்டனில் பேட்ஜர் பாதுகாக்கப்பட்ட விலங்கு, 1992லேயே அதுக்குன்னு தனிச்சட்டம். அதனால முடி இங்கிலாந்து முடி இல்லை. சந்தையில் இருப்பதில் பெரும்பங்கு சீனாவிலிருந்து வருகிறது. செம்மறி ஆட்டுக்குக் கத்தரிக்கிற மாதிரி யாரும் பேட்ஜருக்கு முடி வெட்டி அனுப்புவதில்லை. அந்தப் பிராணி செத்த பிறகுதான் முடி. 2018ல் பீட்டா அமைப்பு அங்கே கூண்டுகளில் எடுத்த காட்சிகளை வெளியிட்டது. பார்க்க மனசு திடமா இருக்கணும்.

(17)
நம்ம நாட்டுலயும் இதோட பங்காளி உண்டு. ஓவிய பிரஷ்ஷுக்காகக் கீரிகள் கொல்லப்பட்டன. கீரி முடி பிரஷ் தயாரிப்பதும் விற்பதும் வனவிலங்குச் சட்டப்படி குற்றம், 2019ல் நாடு முழுக்க ரெய்டு நடந்தது. இன்னிக்கு நம்ம ஓவியர்கள் செயற்கை இழையில் வரையுறாங்க. ஓவியம் ஒண்ணும் குறைஞ்சு போயிடல. தாடிக்கு நுரை தடவ மட்டும் சில்வர்டிப் கட்டாயமா?

(18)
எதிர்வாதம் வரும், தெரியும்.

"செயற்கை பிரஷ் குத்தும்." இருபது முப்பது வருஷம் முன்னாடி வந்த நைலானுக்கு அது உண்மை. இப்போ வரும் மெல்லிய நுனி இழைகள் அப்படி இல்லை. சீக்கிரம் காயும், விலங்கு முடி வாடை கிடையாது.

"இது என் ஹாபி, என் காசு." தாராளமா. நான் காபிக்குச் செலவு பண்றதை நீங்க கேள்வி கேட்கல, நானும் கேட்க மாட்டேன். ஆனா உங்க ஹாபியை இன்னொருத்தரோட தோல் வியாதிக்கு மருந்தாப் பரிந்துரைக்காதீங்க. கேமரா முன்னாடி "சென்சிட்டிவ் ஸ்கின்னா சில்வர்டிப்தான்" என்று சொல்லி, கீழே வாங்குவதற்கான லிங்க் போடும் சகோதரர்களே, இது உங்களுக்குத்தான்.

(19)
அப்போ என்ன செய்யணும்?

• ஷேவுக்கு முன் ரெண்டு மூணு நிமிஷம் வெதுவெதுப்பான தண்ணி.
• முடி வளரும் வாக்கில் ஷேவ். தோலை இழுத்துப் பிடிக்காதீங்க.
• பொரி வரும் ஆட்கள் பல பிளேடு ரேசரை விட்டு ஒற்றை பிளேடுக்கோ டிரிம்மருக்கோ மாறுங்க.
• பிரஷ் எதுவானாலும் நல்லா அலசி, உதறி, காற்றில் காய விடுங்க. மூடின டப்பாவில் ஈரத்தோட வைக்காதீங்க.
• வாசனை அதிகமான சோப்பு எரிச்சல் தந்தால் முதலில் சோப்பை மாற்றுங்க.
• பிரஷ்ஷை யாருடனும் பகிர வேண்டாம். அப்பா, அண்ணன் உட்பட.

(20)
சலூன் போறவங்களுக்கு: அங்க இருக்கிற ஒரே பிரஷ் ஒரு நாளில் எத்தனை முகம் பார்க்குது என்று யோசிச்சிருக்கீங்களா? சீழ்க்கொப்புளம், மரு, படர்தாமரை எல்லாம் இப்படிப் பரவலாம். சலூன் அண்ணன்கிட்ட மரியாதையாச் சொல்லுங்க: "அண்ணே, எனக்குக் கையிலேயே கிரீம் போட்டுடுங்க, புது பிளேடு மாத்திடுங்க." யாரும் கோவிச்சுக்க மாட்டாங்க. பிளேடு விஷயத்தில் மட்டும் விட்டுக்கொடுக்கவே கூடாது. மஞ்சள் காமாலை பி வைரஸ் அந்த வழியில் வரும்.

(21)
ரெண்டு மூணு வாரம் இதையெல்லாம் செய்தும் பொரி அடங்கலையா? சீழ், வலி, வட்ட வட்டமா அரிப்பு இருக்கா? மெடிக்கல் ஷாப் கிரீம் வேண்டாம். அடுத்த கிரேடு பிரஷ்ஷும் வேண்டாம். ஒரு தோல் மருத்துவரைப் பாருங்க. சில்வர்டிப் விலையில் பத்து தடவைக்கு மேல கன்சல்டேஷன் பார்த்துடலாம்.

(22)
கேள்வி கேட்ட தம்பிக்கு: பிரஷ் ஆர்டர் இன்னும் போடலைன்னா போடாதீங்க. அடுத்த ரெண்டு வாரம் டிரிம்மர் மட்டும். கழுத்தை ஒரு நல்ல வெளிச்சத்துல போட்டோ எடுத்து வச்சுக்கோங்க, ரெண்டு வாரம் கழிச்சு இன்னொண்ணு எடுங்க. வித்தியாசத்தை வந்து சொல்லுங்க.

தாடையில் பொரியோட சுத்துற நண்பர் யாராவது இருந்தா இதை அனுப்பி வைங்க.