ஜாதிக் குதிரையின் பாட்டி



"ஜாதிக் குதிரை" என்று நாம் சொல்வது பெரும்பாலும் பந்தயக் குதிரையைத்தான். தரோபிரெட் என்பது அதன் இனப்பெயர். நம் கிண்டியில் ஓடியதும் அதுதான். உயரமான கால், ஆழமான மார்பு, மெல்லிய தோல், ஏறத்தாழ 500 கிலோ எடை. மணிக்கு 60 கிலோமீட்டருக்கு மேல் ஓடும். முன்கோபி, சின்னச் சத்தத்துக்கும் மிரளும்.

இந்த இனம் உருவானது இங்கிலாந்தில், சுமார் 300 ஆண்டுகளுக்கு முன். இன்றைய குதிரைகளின் தந்தை வழியைத் தேடிப்போனால் மூன்றே பொலிகுதிரைகளில் போய் நிற்கும்: பையர்லி டர்க், டார்லி அரேபியன், கோடால்ஃபின் அரேபியன். மூன்றும் கிழக்கத்தியக் குதிரைகள். டார்லி அரேபியன் 1704இல் சிரியாவின் அலெப்போவிலிருந்து கப்பலேறி வந்தது. இவற்றோடு அந்த ஊர் நாட்டுக் குதிரைகளும் கலந்தன. ஆக, சுத்த ரத்தம் என்று பெயரெடுத்ததே கலப்பில் பிறந்ததுதான்!

பொலிகுதிரைகளுக்குப் பெயர் உண்டு, ஓவியம்கூட உண்டு. பெட்டைகளில் பலவற்றை "இன்னாருடைய குதிரை" என்று எழுதியதோடு சரி. ஆனால் 2012இல் வெளியான டப்ளின் ஆய்வாளர்களின் மரபணு ஆய்வு என்ன சொல்கிறது தெரியுமா? குறுந்தூர ஓட்டத்துக்கு வேகம் தரும் மரபணு வடிவம் பெரும்பாலும் பிரிட்டனின் நாட்டுப் பெட்டை ஒன்றிடமிருந்து வந்திருக்கிறதாம். அந்தப் பாட்டிக்குப் பெயரில்லை.

1791இல் வம்சாவளிப் புத்தகம் அச்சேறியது. பிறகு மெல்ல மெல்லக் கதவைச் சாத்தினார்கள். தாய், தகப்பன் இருவரும் புத்தகத்தில் இருந்தால்தான் குட்டிக்கு இடம். சொந்தத்துக்குள்ளேயே சேர்த்துச் சேர்த்து, இன்று உறவுக் கலப்பு கூடிக்கொண்டே போகிறது என்று ஆய்வாளர்கள் கவலைப்படுகிறார்கள்.

இதை இப்போது எழுதக் காரணம் உண்டு. நம் உறவுக் குழுவில், ஒரு பெண்ணின் கல்யாணப் பேச்சில், "நாம ஜாதிக் குதிரை, கலக்கக் கூடாது" என்று பெரியவர் ஒருவர் எழுதியிருந்தார். இரண்டு நாளாக யாரும் வாய் திறக்கவில்லை. அவர் மேல் எனக்கு மரியாதை உண்டு. அவர் எடுத்த உதாரணம்தான் அவருக்கே எதிராக நிற்கிறது. பெண் படித்தவள், யோசித்துத்தான் சொல்லியிருக்கிறாள். பையன் வீட்டாரை வரச் சொல்லுங்கள். நான் பெண் பக்கம்.