வளைவின் மேல் போட்ட பழி

பேராதனையிலிருந்து கம்பளை, புசல்லாவை வழியாக நுவரெலியாவுக்கு ஏறும் வீதியில் குழந்தைகள் வாந்தியெடுப்பது புதுமையன்று. வீட்டை விட்டுப் புறப்படும்போதே தேசிக்காயும் கடதாசிப் பையும் அம்மாமாரின் கைப்பைக்குள் ஏறிவிடுகின்றன. ஆகவே, சென்ற விடுமுறையில் சீதாஎலியா அம்மனைத் தரிசிக்கச் சென்றபோது, இறம்பொடையை எட்டுமுன்னரே நம் இளைய மகள் தலையைப் பிடித்துக்கொண்டு சுருண்டதைக் கண்டு நாம் கலங்கவில்லை. வளைவுகளின் வேலை என்று தீர்ப்புக் கூறினோம். முன்னே முக்கி முனகிக்கொண்டு ஏறிய பஸ்ஸின் கரும்புகை உள்ளே வராதிருக்கட்டும் என்று கண்ணாடிகளையும் இறுக மூடினோம். அவ்வாறு மூடியதைவிடப் பெரும் மடமை பிறிதில்லை என்பது பின்னரே தெரிந்தது.

கோயிலடியில் இறங்கிக் குளிர்காற்றில் சற்று நேரம் நின்றதும் மகளின் தலைவலி போய்விட்டது. திரும்பும் வழியில் மீண்டும் வந்தது. இறக்கத்திலும் அதே வளைவுகள்தாமே என்று அதையும் சமாதானமாக ஏற்றுக்கொண்டோம். ஆனால் அடுத்த வாரம் கண்டிக்குச் செல்லுகையில், கெட்டம்பேயில் வாகன நெரிசலிற் சிக்கி அசையாமல் நின்ற வேளையிலும் பிள்ளை "தலை இடிக்கிறது, அம்மா" என்றாள். "வண்டியே ஓடவில்லை. இங்கே எந்த வளைவைக் குற்றஞ் சொல்லப் போகிறீர்கள்?" என்று நம் இல்லாள் கேட்டார். காரண காரியத்தை ஆண்டாண்டாக வகுப்பில் விளக்கிவரும் நமக்கு அவ்வேளை விடை கிடைக்கவில்லை.

நம்முடையது முன்னிருக்கைக்கு அடியில் இயந்திரம் பொருத்திய பழைய டீசல் வான். அதனைப் பக்கத்துக் கராஜில் இருக்கும் முதிய பாஸிடம் கொண்டுபோனோம். அவர் இளமையில் திருக்கோணமலையில் படகு இயந்திரங்களோடு மன்றாடியவர். விடயத்தைக் கேட்டதும் மூடியைத் திறந்து பார்ப்பார் என்று எதிர்பார்த்தோம். அவரோ, "இரவு இங்கேயே நிற்கட்டும். சூடேறிய எஞ்சின் உண்மை பேசாது, சேர்" என்றார். சூட்டில் இரும்பு விரியும்போது சிறு வெடிப்பும் தளர்ந்த பொருத்தும் தாமாகவே அடைபட்டுவிடும். குளிர்ந்திருக்கையில்தான் கசிவு தன்னைக் காட்டிக்கொள்ளுமாம்.

மறுநாட் காலை இயந்திரத்தை முடுக்கிவிட்டு, ஒரு துண்டு இறப்பர்க் குழாயின் ஒரு முனையைக் காதிலே பொருத்தி, மறு முனையைப் புகைக்குழாய் நெடுகிலும் நகர்த்தினார். ஓரிடத்தில் "டிக், டிக்" என்று பல்லி சொல்வதுபோல் ஒலி கேட்டது. அங்கே விளக்கொளி பாய்ச்சியபோது, பொருத்திலிருந்து விசிறிபோல் விரிந்த கரிக்கோடு தெரிந்தது. அத்துடன் அவர் திருப்தியடையவில்லை. எரிபொருள் எங்கும் ஒழுகவில்லை என்று பார்த்துக்கொண்டபின், சுவாமி படத்தின் முன்னிருந்த ஊதுபத்தியை எடுத்து அருகே பிடித்தார். நேராக எழுந்த புகை அவ்விடத்தில் மட்டும் வெட்டுண்டு விலகிற்று. இயந்திரத்தை நிறுத்திவிட்டு, நம் வீட்டுத் தூசுறிஞ்சும் பொறியின் காற்று வெளிவிடும் வாயைப் புகைக்குழாயின் வால்முனையிற் பொருத்தி ஊதச் செய்து, சவர்க்கார நீரைத் தூரிகையால் தடவினார். பழைய பொறியாகையால் அவ்வசதி அதில் இருந்தது. குமிழிகள் ஒன்றன்பின் ஒன்றாகக் கிளம்பின. கஸ்கெட் தேய்ந்திருந்தது. போதாக்குறைக்கு, இயந்திர மூடியின் இறப்பர் விளிம்பும் இற்றுப்போய், புகைக்கு நம் இருக்கையடியில் வாசல் திறந்து வைத்திருந்தது.

இந்த வித்தையெல்லாம் படகிலே கற்றது என்றார். துறைமுகத்துக்குள் நுழையவும் காற்று விழுந்தபோது நகரவும் பாய்மரப் படகுகளும் டீசல் இயந்திரம் வைத்திருக்கின்றன. அவற்றுட் பலவற்றில், இயந்திரத்தைக் குளிர்வித்துவிட்டு வரும் கடல்நீரைப் புகைக்குழாயின் முழங்கைபோன்ற வளைவிலே கலந்துவிடுவார்கள். நீர் புகையைத் தணிப்பதால் அதற்கப்பால் இறப்பர்க் குழாயே போதும். ஆனால் உப்பும் நீரும் கொதிபுகையும் ஒன்றுகூடி அம்முழங்கையை உள்ளிருந்தே அரிக்கும். வெளியே முதலில் துருக்கறையும் வெள்ளை உப்புப் பொருக்கும், பிறகு கரியும் தோன்றும். ஆட்கள் உறங்கும் அறை இயந்திரத்துக்கு ஒரு பலகை தூரத்திலே இருக்கிறது.

மற்றொன்றையும் அவர் சொன்னார். குழாய் முற்றாக நல்லதாயிருந்தாலும், முன்னோக்கிச் செல்லும் படகின் பின்புறத்தில் காற்று சுழன்று, வெளியேறிய புகையைத் திறந்த வாசல் வழியே மீண்டும் உள்ளே இழுக்கும். சாமான் மிகுந்துவிட்டதென்று வானின் பின்கதவைக் கயிற்றாற் கட்டி அரைவாசி திறந்தபடி ஓட்டுகிறோமே, அங்கும் இதே கதைதான். நாமும் அதனை எத்தனையோ தடவை செய்திருக்கிறோம்.

டீசல் இயந்திரம் மிகுதியான காற்றோடு எரிப்பதால் பெற்றோல் இயந்திரத்தைவிடக் குறைந்தளவு காபனோரொட்சைட்டையே வெளிவிடுகிறது. ஆனால் அதன் கரித்துகளும் நைதரசன் ஒட்சைட்டுகளும் கண்ணையும் நெஞ்சையும் எரிப்பவை. 2012இல் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சிப் பிரிவு டீசல் புகையைப் புற்றுநோய் விளைப்பவற்றுள் சேர்த்தது. காபனோரொட்சைட்டோ நிறமும் மணமும் அற்றது. ஒட்சிசனைவிட இருநூறு மடங்குக்கு மேலான பற்றுடன் குருதியின் ஈமோகுளோபினைப் பிடித்துக்கொள்வது. ஜோன் ஸ்கொட் ஹால்டேன் என்ற அறிஞர் 1890களில் அதனைத் தாமே சுவாசித்து ஆராய்ந்தார். அவருடைய ஆலோசனையை ஒட்டியே பிரித்தானியச் சுரங்கங்களில் சிறு பறவைகளை வைத்திருந்தார்கள். அவ்வழக்கம் 1986 வரை நீடித்தது. சிறிய உடல் விரைவாகச் சுவாசிப்பதால் நஞ்சு அதற்கே முதலிற் தெரியும். நம் வானில் அந்தப் பறவையின் இடத்தில் நம் மகள் அமர்ந்திருந்தாள் என்பதை நினைக்கும்போது இப்போதும் உடல் சிலிர்க்கிறது. பலர் ஒருங்கே ஏறிய வண்டியில் தலைவலி வந்து, இறங்கியதும் தெளியுமானால், தேசிக்காயைத் தேடுமுன் கதவைத் திறந்துவிடுங்கள். மயக்கமும் சேர்ந்தால் வைத்தியசாலைக்குப் போகத் தாமதிக்க வேண்டாம். 2022இல் நாளொன்றுக்குப் பதின்மூன்று மணி நேரம்வரை மின்சாரம் நின்ற காலத்தில் வாங்கிய சிறு பெற்றோல் மின்பிறப்பாக்கிகளைப் பின்விறாந்தையில் வைத்து ஓட்டுவோருக்கும் இதனைச் சொல்லவேண்டும். அவற்றின் இடம் வெட்டவெளி.

சிமெந்துபோன்ற பசையைப் பூசிக் கட்டுவதைப் பாஸ் ஒப்பவில்லை. இரு முகங்களையும் அராவி மட்டமாக்கிப் புதிய கஸ்கெட்டை வைத்தார். மூடியின் விளிம்பையும் மாற்றினார். நம் தூசுறிஞ்சும் பொறி கரி படிந்து திரும்பிவந்ததில் வீட்டில் எழுந்த வழக்கு இன்னும் தீரவில்லை.

சென்ற ஞாயிறு மீண்டும் இறம்பொடை ஏறினோம். வழக்கம்போல் தேசிக்காயும் கைப்பையிற் சென்றது. மகள் அதை வெட்டுவித்து, உப்பிட்டுத் தின்றுகொண்டு வந்தாள்.