வெறுங்கால் வீரமா?

நெடுந்தூர ஓட்டத்தில் இந்நாட்டின் பெயரை உலகறியச் செய்த தோழர் சிவநாத் சிங் 2003-ஆம் வருஷம் ஜூன் மாதம் 6-ந் தேதி, தமது 56-வது வயதில் காலமானார். இறந்து இருபது வருஷத்துக்கு மேலாகிவிட்ட ஒருவரைப் பற்றிக் கீரனூரிலிருந்து இன்று எழுதுவானேன் என்று சிலர் கேட்கக்கூடும். அவரை நினைக்கிறவர்கள் புகழ வேண்டியதை விட்டு, வெட்கப்பட வேண்டியதைப் புகழுகிறார்கள் என்பதற்காகவே எழுதுகின்றோம்.

அவர் பீகாரில் ஒரு கிராமத்தில் பிறந்து, பட்டாளத்தில் சேர்ந்து ஓட்டக்காரரானவர். 1974-இல் டெஹ்ரானில் நடந்த ஆசியப் பந்தயத்தில் 5000 மீட்டர் ஓட்டத்தில் தங்கமும், 10000 மீட்டரில் வெள்ளியும் பெற்றார். 1976-இல் மாண்ட்ரியல் ஒலிம்பிக் மாரத்தானில் 11-வதாக வந்தார். 1978-இல் ஜலந்தரில் அதே மாரத்தான் தூரத்தை 2 மணி 12 நிமிஷத்தில் ஓடி முடித்தார். மாரத்தான் என்பது 42 கிலோமீட்டருக்கும் சற்று அதிகம். திருச்சியிலிருந்து கீரனூர் வழியாகப் புதுக்கோட்டை போகிற தூரத்தில் பெரும்பகுதி. அதை மைலுக்கு ஐந்து நிமிஷம் என்கிற கணக்கில் விடாமல் ஓடினார் என்றால், அந்த உழைப்பு எப்பேர்ப்பட்டது என்பதை நம் ரஸ்தாவில் ஒரு மைல் ஓடிப் பார்த்தவர்களே அறிவார்கள்.

இப்படிப்பட்டவரைப் பற்றி நம்மவர்கள் என்ன சொல்லுகிறார்கள்? "அது கடவுள் கொடுத்த வரம்" என்பது ஒன்று. "பாவம், வெறுங்காலோடேயே ஓடினார், என்ன வீரம்!" என்பது மற்றொன்று. இந்த இரண்டு பேச்சையும் கொஞ்சம் சோதித்துப் பார்ப்போம்.

வரம் என்றால், அந்தக் கடவுள் ஒருவருக்குக் கொடுத்துவிட்டுக் கையை மூடிக்கொண்டது ஏன்? 1978-இல் உலகத்தின் மிகச் சிறந்த மாரத்தான் நேரம் 2 மணி 8 நிமிஷம் 34 விநாடி. நாம் மூன்றரை நிமிஷம் மாத்திரமே பின்னால் இருந்தோம். 2023-இல் கெனியா தேசத்துக் கெல்வின் கிப்டம் 2 மணி 0 நிமிஷம் 35 விநாடியில் ஓடினார். அந்த வருஷத்திலும் நம் நாட்டுக் கணக்கு, சிவநாத் சிங் 45 வருஷத்துக்கு முன் வைத்துவிட்டுப் போன அதே 2 மணி 12 நிமிஷம்தான்! உலகம் எட்டு நிமிஷம் முன்னே போக, நாம் நின்ற இடத்திலேயே நின்றோம். கெனியாவில் நம்மைவிட அதிகக் கோவில்களும் குளங்களும் இருக்கின்றனவா? அங்கே தேர்த் திருவிழாக்கள் அதிகமா? பயிற்சியும் வசதியும் ஊக்கமும் உள்ள இடத்தில் கால் ஓடுகிறது. இல்லாத இடத்தில் வரம் பேசப்படுகிறது. இதுவே உண்மை.

இனி வெறுங்கால் விஷயம். எத்தியோப்பியாவின் அபெபெ பிகிலா 1960-இல் ரோம் ஒலிம்பிக் மாரத்தானை வெறுங்காலில் ஓடி ஜெயித்தார். அவருடைய நேரம் 2 மணி 15 நிமிஷம் 16 விநாடி. அதைத்தான் எல்லோரும் கதையாய்ச் சொல்லுவார்கள். அதே மனிதர் 1964-இல் டோக்கியோவில் பூட்ஸ் போட்டுக்கொண்டு 2 மணி 12 நிமிஷம் 11 விநாடியில் ஓடி மறுபடியும் ஜெயித்தார் என்பதைச் சொல்லுகிறவர்கள் எத்தனை பேர்? அதுவும் குடல்வால் ஆப்பரேஷன் ஆகிச் சில வாரங்களே ஆன நிலையில்! மூன்று நிமிஷம் குறைந்ததற்குப் பூட்ஸ் மாத்திரமே காரணம் என்று நாம் சொல்ல வரவில்லை. நான்கு வருஷப் பயிற்சியும் பயிற்சியாளரின் கவனிப்பும் காரணம். ஆனால் வெறுங்கால்தான் ஜெயிக்க வைத்தது என்கிற கதை அங்கேயே செத்துப் போயிற்று.

சிவநாத் சிங்கும் பெரும்பாலும் வெறுங்காலில் ஓடிப் பழகியவர். அதைப் புகழுவதற்கு முன், இந்நாட்டில் வெறுங்கால் யாருக்கு, எதனால் வந்தது என்று யோசிக்க வேண்டாமா? மேல் ஜாதித் தெருவில் செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு நடக்கும்படி மனிதனை வைத்திருந்த நாடு இது. ஒரு பக்கம் செருப்புப் போடாதே என்று உத்தரவு. மறு பக்கம் வெறுங்காலில் ஓடினால் வீரன் என்று பட்டம்! வரம் என்கிற பேச்சுக்கும் வீரம் என்கிற பேச்சுக்கும் பயன் ஒன்றே. கொடுக்க வேண்டியவர்கள் கொடுக்காமல் தப்பித்துக்கொள்ளுவதுதான் அது.

வெகு தூரம் போவானேன்? நமது ஜில்லாவில் கத்தக்குறிச்சியைச் சேர்ந்த சாந்தி, செங்கல் சூளைக் கூலிகளின் மகள். 2006-இல் தோஹா ஆசியப் பந்தயத்தில் 800 மீட்டரில் இரண்டாவதாக வந்தார். பிறகு ஒரு சோதனையின் பேரால் பதக்கம் பறிக்கப்பட்டது. ஆசியாவையே ஓடி ஜெயித்த அந்தப் பெண் மறுபடியும் செங்கல் சூளைக் கூலிக்குப் போக நேர்ந்தது. பத்து வருஷங் கழித்து, 2016-இல்தான் சர்க்கார் பயிற்சியாளர் வேலை நிலைத்தது. உயிரோடிருக்கிறவரைச் சூளைக்கு அனுப்பிவிட்டு, செத்தவருக்கு மாலை போடுவது எந்த ஊர் நியாயம் என்று கேட்கின்றோம்.

இன்றும் விடியற்காலையில் போலீஸ் வேலைக்கும் பட்டாள வேலைக்குமாக நம் பக்கத்துப் பிள்ளைகள் லாரிகளுக்கு நடுவே ரஸ்தா ஓரத்தில் ஓடுகிறார்கள். அவர்களில் ஒரு சிவநாத் சிங் இருக்கலாம். ஒரு சாந்தி இருக்கலாம். அவர்களுக்கு வேண்டியது ஓடுவதற்கு ஒரு மைதானம், ஒரு ஜோடி பூட்ஸ், தினம் இரண்டு முட்டை, ஒரு நல்ல பயிற்சியாளர். பெண் பிள்ளை ஓடினால் கேலி பேசாத ஊரும் வேண்டும். இதற்கு ஆகிற செலவு ஒரு கும்பாபிஷேகத்தின் வாணவேடிக்கைச் செலவுக்குக் காணுமா?

ஆகவே தோழர்களே, சிவநாத் சிங்குக்கு நாம் செய்யத்தக்க மரியாதை படத்துக்குக் கற்பூரம் காட்டுவதல்ல. அவருடைய நேரத்தைத் தாண்டி ஓடக்கூடிய பிள்ளைகளை ஊருக்கு ஊர் உண்டாக்குவதேயாகும். அடுத்த திருவிழாவுக்கு வரி கேட்டு வருகிறவர்களிடம், ஓட்டக்காரப் பிள்ளையின் காலுக்கு முதலில் கேளுங்கள், தருகிறோம் என்று சொல்லுங்கள்.